எல்லைக் காவல்காரனுக்கு ஒரு கிளாஸ் பிராந்தி

1

சுவிட்சர்லாந்து என்னும் தேசத்தில் பெயர் தெரியாத ஓர் எல்லைக் காவல்காரன் மேல் எனக்கு எட்டு வருஷமாகப் பொறாமை. அவனை நான் பார்த்ததில்லை. உயிரோடிருக்கிறானா என்றுகூடத் தெரியாது. ஆனால் ஒவ்வோர் ஆகஸ்டு மாதமும் முதல் வாரத்தில் ஒரு சாயங்காலம், என் வீட்டில், என் மேசையில், என் கண்ணெதிரே அவனுக்கு ஒரு கிளாஸ் பிராந்தி ஊற்றி வைக்கப்படும். வீட்டுக்காரன் நான். எனக்குக் காப்பி.

இந்தப் பொறாமை என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் எழுதப் போகிறேன். ஊரில் என் மனைவி அஞ்சலையின் உறவுக்காரர்களும் இதைப் படிப்பார்கள். தெரிந்தேதான் எழுதுகிறேன். மற்றவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன், அவர்களைத் தேட வேண்டாம். என்னைத் தேடி வந்து யாராவது கேட்டால் பதில் சொல்ல எனக்கு வாய் இருக்கிறது.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பெரம்பலூர்ப் பக்கம் பிறந்தவன். இரண்டாம் வகுப்போடு வாத்தியாருக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. பதினான்கு வயதில் மலாயாவுக்குக் கப்பல் ஏறினேன். தோட்டத்தில் புல் வெட்டினேன். ரோட்டுக்குத் தார் ஊற்றினேன், என் வலது முழங்காலுக்குக் கீழே இன்னும் அந்தத் தார்ச் சூட்டின் தழும்பு இருக்கிறது. இன்று மலாக்கா டவுனில் காஜா பெராங்கில் வந்து மாவு மில் எது என்று கேட்டுப் பாருங்கள், தவழுகிற பிள்ளையும் கை காட்டும். ஜாலான் பெண்டஹாராவில் மசாலாக் கடை வைத்திருக்கிறவர்கள் என் மில்லில்தான் அரைக்கிறார்கள். நான் மிளகாய் அரைக்கிற நாளில் தெருவே தும்மும். அந்தத் தும்மல் அத்தனைக்கும் சொந்தக்காரன் நான். யாரும் எனக்குக் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. இதை என் வீட்டில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அதுதான் சிக்கல். என் மகள் சரோஜாவுக்கு அது மனப்பாடம்.

மில்லுக்குமேல் மாடியில் ஓர் அறை கட்டினேன். செட்டிக் கம்பம் என்னும் பக்கத்துக் கிராமத்து மாரியம்மன் திருவிழா முடிந்த மறுநாள் காலையில் ஒரு வெள்ளைக்காரர் வந்து அந்த அறை வாடகைக்குக் கிடைக்குமா என்று, சந்தையில் பேசுகிற பாசார் மலாயில் கேட்டார். ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் மரப்பெட்டி. டவுனில் ஒரு சீனப் பல் டாக்டரிடம் பொய்ப்பல் கட்டும் வேலை பார்ப்பதாகச் சொன்னார். அறையைக் கூட்டப் போன அஞ்சலை, பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அலறினாள். உள்ளே பத்துப் பதினைந்து சுண்ணாம்பு வாய்கள் இளித்துக்கொண்டிருந்தன.

"துரைக்கு ஊர் இங்கிலாந்தா?" என்று கேட்டேன்.

"இல்லை."

"ஆலந்தா?"

"இல்லை."

"பின்னே எந்த நாடு?"

"எந்த நாடும் இல்லை, தவுக்கே."

தவுக்கே என்றால் இங்கே முதலாளி. அவர் சொன்னதை நான் தமிழில் சொன்னதும் அஞ்சலை என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். "நாடில்லாத வெள்ளைக்காரனா? என்னங்க, எங்கயாச்சும் கொலை கிலை பண்ணிட்டு வந்த ஆளா இருக்கப் போவுது."

அப்படிப் பயந்தவள் ஒரே மாதத்தில் அவருக்கு ரசம் கொடுத்தனுப்ப ஆரம்பித்தாள். அவர் அவளை 'அக்கா' என்று கூப்பிடக் கற்றுக்கொண்டார். தெருப்பிள்ளைகள் அவருக்குப் பல்லு துரை என்று பேர் வைத்தார்கள். எனக்கும் மேல்வரிசைப் பல் அவர்தான் கட்டினார். இன்று என் வயதுக்காரன் எவனும் நான் கடிப்பதுபோல் முறுக்குக் கடிக்க முடியாது.

2

முதல் ஆகஸ்டில் அவர் மாடியிலிருந்து ஒரு பிராந்தி பாட்டிலோடு இறங்கி வந்தார். எங்கள் சாப்பாட்டு மேசையில் இரண்டு சின்னக் கிளாஸ்களை வைத்து இரண்டிலும் ஊற்றினார். ஒன்றை அவர் எடுத்துக் குடித்தார். மற்றதைத் தொடவில்லை. அது எனக்காக்கும் என்று நான் கையை நீட்டினேன். அவர் மெதுவாகக் கிளாஸின்மேல் உள்ளங்கையை வைத்து மூடிவிட்டார்.

"மன்னிக்கணும் தவுக்கே. இது வேறொருத்தருக்கு."

நீட்டிய கையை அப்படியே தலைக்குக் கொண்டுபோய்ச் சொறிந்துகொண்டேன். அஞ்சலை சிரித்துவிட்டாள். அன்றைக்கு ஆரம்பித்தது.

அவர் சொன்ன கதை இது. மலாய் போதாத இடத்தில் இங்கிலீஷில் சொல்வார், சரோஜா எங்களுக்குத் தமிழில் சொல்வாள். முதலில் கான்வென்டின் சின்ன வகுப்புகளில் படித்துக்கொண்டு தத்தித் தத்திச் சொன்னாள். வருஷம் ஏற ஏற அவளுக்கு இங்கிலீஷ் பெருகியது, தமிழ் குறைந்தது. இப்போது கதையை அவள் கேட்டு முடித்துக் கண்ணைத் துடைத்த பிறகுதான் எங்களுக்குத் தமிழ் வரும்.

துரை பிறந்தது வியன்னா. அப்பா காலத்திலிருந்து பல் கட்டும் தொழில். அவர்கள் யூதர்கள். ஹிட்லர் ஆட்கள் அந்த ஊருக்கு வந்ததும் இவர் கடையை உடைத்தார்கள், இவரைத் தெருவில் முட்டி போடவைத்துக் கல்லைத் தேய்க்க விட்டார்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். பாஸ்போர்ட்டில் சிவப்பாக ஓர் எழுத்தைக் குத்தினார்கள். யூதன் என்று அர்த்தம்.

பக்கத்து நாடு சுவிட்சர்லாந்து. யாரோடும் சண்டைக்குப் போகாத நாடு. அங்கே போய்ச் சேர்ந்தால் உயிர் பிழைக்கலாம் என்று சனம் ஓடியது. அந்த நாடு ஆகஸ்டு மாத நடுவில் கதவைச் சாத்தியது. இனிமேல் சீட்டு இல்லாமல் வருகிறவர்களைத் திருப்பி அனுப்பு என்று எல்லைக்கெல்லாம் உத்தரவு. அது மட்டுமில்லை, இன்னொன்றும் துரை சொன்னார். ஜெர்மன்காரர்கள் பணத்தோடு மலை பார்க்க வரலாம், யூதர்கள் மட்டும் வரக்கூடாது. முகத்தைப் பார்த்து எப்படிப் பிரிப்பது? அதற்கு இரண்டு அரசாங்கமும் உட்கார்ந்து பேசினார்களாம். பேசி எழுந்தபோது வந்ததுதான் அந்தச் சிவப்பு எழுத்து.

"அப்ப குத்துனவன் ஒருத்தன், கேட்டு வாங்குனவன் ஒருத்தனா?" என்றாள் அஞ்சலை.

"ஆமாம் அக்கா."

துரை அந்த எல்லைக்குப் போய்ச் சேர்ந்தது குளிர்காலத்தில். ராத்திரியெல்லாம் பனியில் நடந்து, விடிந்ததும் ஒரு காவல் கொட்டகையில் பிடிபட்டார். கதவு சாத்தி நாலு மாதம் ஆகிவிட்டது. காவல்காரன் இவருடைய பாஸ்போர்ட்டைப் பார்த்தான், சிவப்பு எழுத்தைப் பார்த்தான், இவர் காலணியைப் பார்த்தான். பனி உருகித் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. பேனாவை எடுத்து, இவர் வந்து சேர்ந்தது ஆகஸ்டு முதல் வாரம் என்று எழுதினான். கதவு சாத்துவதற்கு முன்னாலேயே வந்தவர் என்று ஆகிவிட்டது.

"நீ கோடைகாலத்தில் வந்தவன். ஞாபகம் வைத்துக்கொள்" என்றானாம். அவ்வளவுதான். பேர்கூடச் சொல்லவில்லை.

அதனால்தான் துரை உண்மையில் வந்த நாளைக் கொண்டாடுவதில்லை. அவன் எழுதிய நாளைக் கொண்டாடுகிறார்.

சரோஜா அன்றைக்குச் சாப்பிடாமல் அந்தக் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எவ்ளோ நல்ல மனுஷன்ல அப்பா?" என்றாள்.

என்ன நல்ல மனுஷன்? பேனாவால் ஒரு வரி. வெந்நீர் போட்டானா, ரசம் கொடுத்தானா, மிளகாய் அரைக்கும் நாளில் மாடி சன்னலுக்கு ஈரச்சாக்குக் கட்டிவிட்டானா? கூரை கொடுத்தவன் நான் இங்கே காப்பி குடித்துக்கொண்டிருக்கிறேன், ஒரு வரி எழுதியவனுக்குப் பிராந்தி. இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வோர் ஆகஸ்டிலும் மனதுக்குள் சொன்னேன்.

துரைமேலும் எனக்குப் பொறாமைதான். உள்ளே விட்டார்களே தவிர அந்த நாட்டில் தொழில் செய்து சம்பாதிக்கக் கூடாது என்று சட்டமாம். சண்டை வந்ததும் முகாமில் சேர்த்து ரோடு வெட்டவும் வாய்க்கால் தோண்டவும் விட்டிருக்கிறார்கள்.

"ரோடா? நானும் ரோடு போட்டவன்தான்" என்று முழங்காலைத் தூக்கிக் காட்டினேன்.

"அப்பா, உங்களுக்குச் சம்பளம் குடுத்தாங்க. அங்கிள் வெளிய போகணும்னா சீட்டு வாங்கணும் லா" என்றாள் சரோஜா.

"தோட்டத்துல மட்டும்? கங்காணியக் கேக்காம நாங்க டவுனுக்கு வர முடியுமா?"

"அந்தக் கதை நூறு தடவை சொல்லியாச்சுப்பா. அங்கிள் சொல்லட்டும்."

பெற்ற மகள். நான் கப்பலில் வாந்தியெடுத்ததிலிருந்து மில்லுக்கு மோட்டார் வாங்கியது வரைக்கும் ஒரு தடவையாவது கன்னத்தில் கை வைத்துக் கேட்டிருப்பாளா? துரை சொல்லும்போது படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிடுவாள். சண்டை உச்சத்தில் இருந்தபோது மலை தாண்டி வந்தவர்களைக்கூட அந்த நாடு திருப்பி அனுப்பியது, அந்த ஊர்ச் சனங்களிலேயே சிலர் இது பாவம் என்று சத்தம் போட்டார்கள், இடமில்லை, இருக்கிறவர்களுக்கே ரொட்டி போதாது என்று மேலிடம் சொன்னது, எல்லாவற்றையும் அவள் பாடம்போல் வைத்திருந்தாள். சண்டை முடிந்ததும் 'நீங்கள் வழிப்போக்கர்கள்தான், கிளம்புங்கள்' என்று சொல்லி, திரும்பி வர உரிமையில்லாத ஒரு காகிதத்தைக் கையில் கொடுத்தார்களாம். சிங்கப்பூரில் ஒரு தூரத்துச் சொந்தம் இருக்கவே இவர் இங்கே வந்து சேர்ந்தார்.

3

இந்தப் பகுதியை எழுத மூன்று நாள் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

துரைக்கு மனைவி இருந்தாள். எல்சா என்று பெயர். தாயாரை ஒரு இடத்தில் சேர்த்துவிட்டு வருகிறேன் என்று பின்தங்கியவள், மூன்று வாரம் கழித்து அதே எல்லைக்கு வந்தாள். இவர் வந்த கொட்டகை இல்லை, கொஞ்சம் தள்ளி ஒரு பாலம். அங்கே வேறு காவல்காரன். வயதானவன். அவன் திட்டவில்லை, அடிக்கவில்லை. குளிருக்குக் கையுறை கொடுத்தானாம். அவளுடைய பெட்டியை அவனே தூக்கிக்கொண்டு, பாதிப் பாலம் வரைக்கும் கூட நடந்து, அந்தப் பக்கத்து ஆட்களிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பினான். இதையெல்லாம் அவள் கடைசியாக எழுதிய கடிதத்தில் சொல்லியிருந்தாள். அதற்குப் பிறகு கடிதம் இல்லை. சண்டை முடிந்து ஒரு பட்டியலில் அவள் பேர் இருந்தது.

அஞ்சலை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அந்தக் கிழவன் கெட்டவனா, தம்பி?"

"இல்லை அக்கா. நல்லவன்தான். அவனுக்கும் பிள்ளைகள் இருந்திருக்கும். உத்தரவுக்குப் பயந்தான்."

"பயந்தா நல்லவனா?" என்றாள் அஞ்சலை. "எம் பொறந்தவன யாரோ ஒருத்தன் இப்பிடிப் பயந்துதான் காட்டிக் குடுத்திருப்பான்."

நான் எழுந்து கீழே போனேன். மில்லில் அரைக்க ஒன்றும் இல்லை. மோட்டாரைப் போட்டு வெறும் கல்லை ஓடவிட்டேன்.

அவள் சொன்ன பிறந்தவன் தங்கராசு. அஞ்சலையின் ஒரே தம்பி, என் மச்சான். ஜாசின் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தான். ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடத் தோட்டங்களிலிருந்து ஆள் பிடித்தார்கள் அல்லவா? அதில் அவனையும் ஏற்றினார்கள், வழியில் குதித்து ஓடினவன் எங்கேயோ மறுபடி பிடிபட்டிருக்கிறான், திரும்பவில்லை. எங்கள் வீட்டில் சொல்லப்படும் கதை இவ்வளவுதான். சண்டை முடிந்து சயாமிலிருந்து எலும்பும் தோலுமாய் வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் அஞ்சலை போய்க் கேட்டாள். யாரும் பார்க்கவில்லை. இதுவரை அவனுக்கு ஓர் இலை போட்டுப் படைத்ததில்லை. ஆடி அமாவாசையில் படைக்கலாம் என்று ஐயர் சொன்னார். "அது நாள் தெரியாதவங்களுக்கு. எந் தம்பிக்கு நாள் இருக்கும். என்னிக்காச்சும் ஒருத்தன் வந்து சொல்லுவான்" என்றுவிட்டாள்.

அவளுக்குத் தெரியாததை எழுதுகிறேன். தங்கராசு என்னிடம் வந்தான்.

அப்போது எனக்கு மில் இல்லை. இதே தெருவின் கோடியில் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட ஓர் அறை. பிள்ளைப்பேற்றுக்காக அஞ்சலை தோட்டத்தில் அம்மா வீட்டில் இருந்தாள். மத்தியானம் ஒரு மணி இருக்கும். வாசலில் நிழல் தட்டியது. ஆள் பிடிக்கிற லாரியிலிருந்து குதித்து, ரப்பர்க் காட்டிலேயே இரண்டு நாள் நடந்து வந்திருந்தான். காலில் செருப்பில்லை. "மாமா, நாலு நாள் மட்டும்" என்றான். இரண்டு தெரு தள்ளி அன்று காலையில்தான் வீடு வீடாகத் தேடியிருந்தார்கள். ஒளித்து வைத்திருந்த ஒரு சீனனை வீட்டுக்காரனோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு போனதை நான் என் கண்ணால் பார்த்திருந்தேன். "இங்க எடமில்லடா. கிளேபாங் பக்கமாப் போ. கடலோரம் மீன்காரங்க இருக்காங்க, அவங்க பாத்துக்குவாங்க" என்றேன். "சரி மாமா" என்று பின்பக்கமாகப் போனான். மறுநாள் கிளேபாங் ரோட்டில் ஒரு தமிழ்ப் பையனை லாரியில் ஏற்றினார்கள் என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள். நான் எந்தப் பையன் என்று கேட்கவில்லை.

இப்போது புரியும், எனக்கு ஏன் அந்தக் காவல்காரன்மேல் பொறாமை என்று. அவனும் நானும் ஒரே மாதிரி வாசலில் நின்றவர்கள். அவனுக்குக் கிளாஸ். துரைமேல் பொறாமையும் அதே கணக்குத்தான். அவர் தன் கதையை முதலிலிருந்து கடைசி வரைக்கும் வெட்கமில்லாமல் சொல்லலாம். என் கதையை நான் ஆயிரம் தடவை சொல்லியும் இந்த மத்தியானத்தைத் தாண்டிக் குதித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

4

மெர்டேக்கா வந்தது, நாட்டுக்குச் சுதந்திரம். கொடி ஏறியது, எல்லாருக்கும் குஷி. மறு வாரத்திலிருந்தே குடியுரிமைக்குப் பதியும் ஆபீசில் வரிசை. நாற்பது வருஷமாக இந்த மண்ணில் தார் ஊற்றியவன் நான், நான் இங்கேதான் இருந்தேன் என்று சாட்சி கேட்டார்கள். நான் முழங்காலைக் காட்டினேன். குமாஸ்தா சிரித்துவிட்டு, காகிதம் இருந்தால் காட்டுங்கள் என்றார். எப்படியோ எனக்கும் அஞ்சலைக்கும் முடிந்தது.

துரைக்கு முடியவில்லை. எட்டு வருஷம் இருந்திருக்க வேண்டும். அவருக்கு எட்டு மாதம் குறைந்தது. பொறுத்திருந்து எழுதிக் கொடுக்கலாமே என்பீர்கள். பல் டாக்டர் கடையை மூடிவிட்டு மகனோடு போய்ச் சேர்ந்துவிட்டார். வேலையை வைத்துக் கொடுத்த பெர்மிட், வேலை போனதும் வருஷக் கடைசியோடு செத்துவிடும். வியன்னாக் குடியுரிமையை ஹிட்லர் ஆட்கள் அப்போதே பறித்துவிட்டார்கள், சுவிட்சர்லாந்துக் காகிதத்தில் திரும்பி வரக்கூடாது என்று எழுதியிருக்கிறது. எங்கே போவார் என்று நான் கேட்டேன். அவர் தோளைத் தூக்கினார். பெட்டியில் இருந்த சுண்ணாம்பு வாய்களை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். அஞ்சலை ரசத்தில் உப்புப் போட மறந்தாள்.

எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு மனு எழுதிக் கொடுத்தார். ஆபீசில் வீட்டுக்காரன் வந்து எப்போதிலிருந்து குடியிருக்கிறார் என்று சொல்ல வேண்டும். நான் வெள்ளை வேட்டி கட்டி, தங்கப் பொத்தான் போட்ட சட்டையோடு போனேன். துரையை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு என்னை மட்டும் கூப்பிட்டார்கள். குமாஸ்தா மலாக்காச் செட்டி, பல தலைமுறைக்கு முன்னால் இங்கே வந்து குடியேறிய தமிழர் வழி. பிள்ளை என்று பெயர். நெற்றியில் விபூதி இருக்கும், வாயில் மலாய்தான் இருக்கும். அவரை எனக்குத் தெரியும். அவர் வீட்டு அம்மா மசாலா அரைக்க என் மில்லுக்குத்தான் வருவாள்.

"எப்போது வந்தார்?" என்று மலாயில் கேட்டார்.

நான் தேதி வைத்து வாழ்கிறவன் இல்லை. எங்களுக்கெல்லாம் வருஷம் என்றால் திருவிழா. "நம்ம கம்பத்து அம்மன் திருவிழா முடிஞ்ச மறுநாள், இஞ்சே" என்றேன். இஞ்சே என்றால் மலாயில் ஐயா. அது உண்மை.

"எந்த வருஷத்துத் திருவிழா?"

இங்கேதான் எனக்கு அந்தக் காவல்காரன் ஞாபகம் வந்தான். துரைமேல் இரக்கப்பட்டு என்று எழுத ஆசைதான். எழுதினால் பொய். அந்தக் கிளாஸ்தான் கண்ணில் நின்றது. அவன் என்ன பெரிய ஆள்? அவன் முன்னால் பேனா இருந்தது, எனக்கு நாக்கு இருக்கிறது.

"தேர் கிளம்புறப்போ மழை கொட்டுச்சே, அந்த வருஷம்" என்றேன்.

துரை வந்தது அதற்கு அடுத்த வருஷம். மழையே இல்லாத வருஷம்.

பிள்ளை பேனாவைக் கீழே வைத்தார். "மழை கொட்டிய வருஷம் நான் வடம் பிடித்தேன், தவுக்கே. மறுநாள் ஈரத் துணியோடு உங்கள் மில்லுக்கு வந்தேன். மாடி அறைக்கு அப்போது கூரை இல்லை."

மலாக்கா முழுவதும் எத்தனையோ குமாஸ்தாக்கள், எனக்கு வாய்த்தவர் அதே தேரின் வடத்தைப் பிடித்தவர்! கோயிலை வைத்துப் பொய் சொல்லப் போய், கோயில்காரரிடமே மாட்டிக்கொண்டேன். சன்னல் வழியாக வெளியே பெஞ்சைப் பார்த்தேன். துரை தொப்பியை மடியில் வைத்து, கையை அதன்மேல் வைத்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல் உட்கார்ந்திருந்தார். குமாஸ்தாவும் திரும்பி அவரைப் பார்த்தார்.

"அவருக்குப் போக இடம் இல்லையா?"

"இல்ல இஞ்சே."

"அம்மன்மேல் சத்தியமாகச் சொல்கிறீர்களா? மழை வருஷமா?"

செட்டிக் கம்பத்து அம்மன்மேல் பொய்ச் சத்தியம் செய்தால் அம்மை முத்து போடும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "சத்தியம்" என்றேன்.

அவர் எழுதினார். எழுதியதைத் திருப்பிக் காட்டி என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். இரண்டாம் வகுப்புக் கையெழுத்துத்தான். கிளம்பும்போது பிள்ளை மெதுவாகச் சொன்னார்: "கூரை இல்லாத அறையில் ஒரு வருஷம் இருந்திருக்கிறார். பாவம், நனைந்திருப்பார்."

இரண்டு வாரம் தினமும் காலையில் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தேன். அம்மை போடவில்லை. துரைக்குக் காகிதம் வந்தது.

5

இந்த ஆகஸ்டில் துரை இறங்கி வந்தபோது கையில் மூன்று கிளாஸ் இருந்தது.

நான் காலையிலிருந்தே வீட்டில்தான் இருந்தேன், மில்லை மத்தியானமே மூடிவிட்டேன். ஏன் என்று அஞ்சலை கேட்டதற்கு மோட்டார் சூடாகிவிட்டது என்றேன். துரை மூன்றிலும் ஊற்றினார். ஒன்று அவருக்கு. ஒன்று வழக்கம்போல் அவனுக்கு. மூன்றாவதை இரண்டு கையாலும் எடுத்து என் முன்னால் வைத்தார். நான் ஆபீசில் என்ன சொன்னேன் என்பது அதுவரை என் வீட்டில் யாருக்கும் தெரியாது. பிள்ளை துரையிடம் சொல்லியிருக்கிறார். துரை எழுந்து நின்று, நான் அம்மன்மேல் சத்தியம் செய்தது வரைக்கும் எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொன்னார். சரோஜா தமிழில் சொன்னாள்.

"அங்கிள் வாழ்க்கையில ரெண்டு பேரு அவருக்காகப் பொய் எழுதினாங்களாம். முதல் ஆளு பேரு தெரியாதாம். ரெண்டாவது ஆளு பேரு முத்துக்கருப்பனாம். இனிமே ரெண்டு பேருக்கும் ஊத்துவாராம்." பிறகு அவளாகவே, "அப்பா, இத எங்ககிட்ட நீங்க சொல்லவே இல்லையே!" என்றாள். நான் செய்த ஒரு காரியத்தை நான் சொல்லாமல் அவள் வேறொருவர் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். பதினைந்து வயதுப் பெண்.

கிளாஸை எடுத்தேன். எட்டு வருஷம் காத்திருந்த கிளாஸ். குடிப்பதற்கு முன்னால் அந்த இன்னொரு கிளாஸைப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் அவனும் நானும் சரிக்குச் சமம் என்று நெஞ்சு நிமிர்ந்தது.

அப்போது அஞ்சலை பேசினாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னை வாய்விட்டுப் புகழ்ந்ததில்லை.

"நான் உங்களப் பேச்சுக்காரருன்னு மட்டுந்தாங்க நெனச்சிருந்தேன். யாரோ ஒருத்தருக்காக அம்மன் மேல சத்தியம் பண்ணியிருக்கீங்களே." அவள் கண் நிறைந்திருந்தது. "எந் தம்பி அன்னிக்கு எங்கயோ போயி மாட்டிக்கிட்டான். இங்க உங்ககிட்ட வந்திருந்தான்னா பொழச்சிருப்பான்."

கிளாஸ் என் உதட்டில் இருந்தது. பிராந்தி உதட்டை எரித்தது. விழுங்கினால் போதும். அவள் சொன்னதற்கு ஒரு 'ம்' போட்டால் போதும், சாகிறவரை அந்தப் பேர் எனக்கு இருக்கும். மகளின் தலை தோளில் இருக்கும், ஒவ்வோர் ஆகஸ்டிலும் கிளாஸ் வரும். தங்கராசு வரப்போவதில்லை, சாட்சி சொல்ல ஆள் இல்லை.

கிளாஸைக் கீழே வைத்தேன்.

"வந்தான்" என்றேன்.

"யாரு?"

"தங்கராசு. நம்ம பழைய வீட்டுக்கு வந்தான். நான்தான் போகச் சொன்னேன்."

தோளில் இருந்த தலை நகர்ந்தது. துரைக்குத் தமிழ் புரியாது. கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சரோஜா அவருக்கு எதையும் சொல்லவில்லை.

அஞ்சலை கத்துவாள் என்று நினைத்தேன். மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள்.

"எப்போ?"

"நீ ஒங்கம்மா வீட்டுல இருந்தப்போ. சரோஜா பொறக்குறதுக்கு ஒம்போது நாள் முன்னாடி. மத்தியானம்."

அவள் விரலை மடக்கினாள். சரோஜா பிறந்த நாளிலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாக, உதடு அசைய, ஒன்பது வரைக்கும் எண்ணினாள். எண்ணி முடித்த விரலை அப்படியே பிடித்துக்கொண்டாள், விட்டால் போய்விடும் என்பதுபோல். அவனை உயிரோடு கடைசியாகப் பார்த்த நாள், பதினைந்து வருஷமாக அவள் ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த நாள் அது. அவள் படுக்கிற பாயிலேயே படுத்திருந்தது.

என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"பசியோட வந்தானா?"

"ம்."

"சோறு போட்டீங்களா?"

அன்று அடுப்பில் மரவள்ளிக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. வாசனை வாசல் வரைக்கும் வந்தது. அவன் நின்ற இடத்துக்கு நிச்சயம் வந்திருக்கும்.

"இல்ல" என்றேன்.